பக் 110 மடக்கு கத்தி ரிவியூ: ஸ்டீலுக்கு அலையாதீங்க, முதல்ல கைப்பிடியைப் பாருங்க

முடிவை முதல்லயே சொல்லிடுறேன், பொறுமை இருக்கிறவங்க மிச்சத்தைப் படிங்க. மான் வேட்டைக்கு ஒரு மடக்கு கத்தி வேணும்னா பக் 110ல வர்ற சாதா 420எச்சி ஸ்டீலே தாராளம், கையில காசு மிச்சம் இருந்தா அதை ஸ்டீல்ல கொட்டாம கைப்பிடிக்குப் போடுங்க. இதைச் சொன்னா எஸ்30வி, மேக்னாகட்னு விலை கூடின ஸ்டீல் பேரா மூச்சு விடாம பேசுற பசங்க சண்டைக்கு வருவாங்க, வரட்டும், பதில் கீழ இருக்கு.

நான் இருக்கிறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். வேலை கார் பார்ட்ஸ் கம்பெனில, அதுவும் ஹீட் ட்ரீட்மென்ட் லைன்ல, அதாவது ஸ்டீலை சூடாக்கிக் குளிர வச்சு பதம் போடுற இடம், அதனால ஸ்டீல் பத்தி யாராவது அளந்து விட்டா எனக்கு வாய் சும்மா இருக்காது. இங்க நவம்பர் 15 அன்னைக்கு துப்பாக்கி மான் வேட்டை சீசன் ஆரம்பிச்சு மாசக் கடைசி வரைக்கும் ஓடும், அந்த முதல் நாள் ஆபீஸ்ல பாதி சீட் காலி, சில ஊர்ல ஸ்கூலுக்கே லீவு, நம்ம ஊர்ல தீபாவளிக்கு லீவு போடுற மாதிரிதான். கூட வேலை பாக்குறவங்க கூட்டிட்டுப் போய் பழக்கி விட்டது, இப்போ வருஷா வருஷம் போறேன். இந்தியால இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, அங்க 1972 வனவிலங்கு சட்டப்படி வேட்டைங்கிற பேச்சுக்கே இடம் இல்ல, கேம்பிங், மீன் வெட்ட, கயிறு அறுக்கன்னு யோசிச்சு படிங்க, ஸ்டீல் கணக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

சரி, கத்திக்கு வருவோம். பக் 110 வந்தது 1964ல. ஹாய்ட் பக்ங்கிற கொல்லர் ஆரம்பிச்சு வச்ச குடும்பத் தொழில், சான் டியாகோல கடை போட்டு, அவர் பையன் ஆல் பக் காலத்துல இந்த மாடல் வந்துச்சு. அதுவரைக்கும் மடக்கு கத்தின்னா பாக்கெட்ல போடுற சின்ன சாமான், வேட்டைக்குப் போறவன் இடுப்புல நீளக் கத்தியை உறையோட கட்டிட்டுப் போவான். 110 வந்த பிறகு பெரிய கத்தி செய்யுற வேலையை மடக்குற கத்தியும் செய்யும்னு ஆளுங்க நம்ப ஆரம்பிச்சாங்க. இதுவரைக்கும் ஒரு கோடிக்கு மேல வித்திருக்கு. 2005ல கம்பெனி கலிபோர்னியாவை விட்டு ஐடஹோ மாநிலத்துல போஸ்ட் ஃபால்ஸ்ங்கிற ஊருக்கு மாறிடுச்சு, 110 இப்பவும் அங்கதான் செய்றாங்க. அதே பிராண்ட்ல வேற சில மாடல் சீனால செஞ்சு வருது, அதனால வாங்கும்போது பிளேடுல என்ன பொறிச்சிருக்குன்னு பாத்துக்கங்க.

அளவு பாத்தீங்கன்னா பிளேடு மூணே முக்கால் இன்ச், அதாவது ஒன்பதரை சென்டிமீட்டர். எடை 200 கிராமுக்கு மேல, ரெண்டு பக்கமும் பித்தளை வச்சிருக்காங்களே, அதான் காரணம். பேன்ட் பாக்கெட்ல போட்டா ஒரு பக்கம் இழுக்கும், பெல்ட்ல தோல் உறையிலதான் வைக்கணும். நகத்தை வச்சு ரெண்டு கையால திறக்கணும், கிளவுஸ் போட்ட கைக்கு இது கொஞ்சம் பேஜாருதான். ஆனா திறந்ததும் ஒரு சத்தம் வரும் பாருங்க, 'க்ளக்'னு, அதுக்கப்புறம் பிளேடு இம்மி கூட ஆடாது. பின்பக்க பூட்டுங்கிறதால மூடணும்னா கைப்பிடியோட வால் பக்கத்துல அழுத்தணும், வேலை செய்யும்போது நம்ம உள்ளங்கை அந்த இடத்தை தெரியாம அழுத்துறதுக்கு வாய்ப்பு கம்மி.

இப்போ ஸ்டீல். ஆரம்பத்துல 110ல போட்டது 440சி. அதுல கார்பன் கிட்டத்தட்ட ஒரு சதவீதம், குரோமியம் 17 பக்கம், அந்தக் காலத்துக்கு ராஜா ஸ்டீல். 80கள்ல 425 மாடிஃபைடுன்னு மாத்தினாங்க, 90கள்ல இருந்து 420எச்சி. இதுல கார்பன் அரை சதவீதத்துக்கும் கீழ, குரோமியம் 13 சுமார். இந்த நம்பரை மட்டும் பாக்குறவன் என்ன சொல்வான், கம்பெனிக்காரன் மட்டமான ஸ்டீலுக்கு இறங்கிட்டான், காசு பாக்குறான்னு சொல்வான். காசு பாக்குறதுல கொஞ்சம் உண்மை இருக்கு, 440சி ரொம்ப கடினமான கார்பைடு (கார்பனும் உலோகமும் சேர்ந்த துகள்) உள்ள சாமான், அதை பிரஸ்ல வெட்டினா டை, அதாவது வெட்டுற அச்சு, சீக்கிரம் தேயும், 420எச்சி சுலபமா வெட்டும். ஆனா இன்னொரு காரணமும் உண்டு, பழைய 440சி கத்தி மழுங்கிட்டா சாதாரண ஆளால தீட்டவே முடியல, கல்லுல தேய்ச்சு தேய்ச்சு கை வலிச்சதுதான் மிச்சம்.

420எச்சியை உருப்படியாக்கினது ஹீட் ட்ரீட்மென்ட். பால் பாஸ்னு ஒரு மனுஷன், கத்திகளுக்கு பதம் போடுறதுலயே பேர் வாங்கினவர், பக் கம்பெனிக்கு அந்த முறையை வகுத்துக் கொடுத்தவர் அவர்தான். என்ன பண்றாங்கன்னா ஸ்டீலை சிவக்க சூடாக்கி வேகமா குளிர வைக்கிறாங்க, அப்போ உள்ள இருக்கிற அமைப்பு கடினமான ஒண்ணா மாறணும், ஆனா முழுசா மாறாது, கொஞ்சம் மெத்துன்னு இருக்கிற பழைய அமைப்பு அங்கங்க மாட்டிட்டு நிக்கும். அதை விட்டா கத்தி முனை சீக்கிரம் மடங்கும். அதனால பூஜ்ஜியத்துக்கும் கீழ ரொம்ப இறக்கி உறைய வைக்கிறாங்க, மிச்சம் இருந்ததும் மாறிடும், பிறகு மறுபடி லேசா சூடு காட்டி பதம் எடுக்குறாங்க. முடிவுல கடினத்தன்மையை அளக்குற ராக்வெல் சி கணக்குல 58 சுமாருக்கு வருது. இதே 420எச்சியை ஏனோதானோன்னு பதம் போட்டு 55, 56ல விக்கிறவங்களும் இருக்காங்க. பேர் ஒண்ணுதான், ஒரே ஸ்டீலை ரெண்டு ஃபர்னஸ்ல போட்டா ரெண்டு ஸ்டீலா வெளிய வரும், இதை தினமும் வேலையில பாக்குறேன், எங்க லைன்ல கடினத்தன்மை ரெண்டு பாயின்ட் குறைஞ்சா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிடுவாங்க. கத்தி வாங்குறவன் மட்டும் ஸ்டீல் பேரைப் பாத்துட்டு பதத்தைப் பத்தி ஒரு கேள்வி கேக்க மாட்டேங்கிறான்.

இதுக்கு மேல போனா எஸ்30வி. 110லயே இந்த ஸ்டீல் போட்ட வெர்ஷன் வருது, ஸ்லிம் ப்ரோன்னு ஒல்லியான மாடலும் இதுலதான். நியூயார்க் மாநிலத்துல இருந்த க்ரூசிபிள் கம்பெனி 2001ல கொண்டு வந்தது, டிக் பார்பர்ங்கிறவர் கத்தி செய்றவங்ககிட்ட, முக்கியமா கிறிஸ் ரீவ் மாதிரி ஆளுங்ககிட்ட கேட்டுக் கேட்டு கத்திக்குன்னே உருவாக்கினது. கார்பன் 1.45, குரோமியம் 14, வனேடியம் 4, மாலிப்டினம் 2. உருக்கின ஸ்டீலை பவுடராக்கி மறுபடி அழுத்திச் சேர்க்கிற முறை, அதனால உள்ள இருக்கிற கார்பைடு எல்லாம் பொடிப்பொடியா சமமா பரவி நிக்கும். க்ரூசிபிள் 2024 கடைசியில திவால் மனு போட்டது, அப்போ ஃபோரம் முழுக்க ஒப்பாரி, ஸ்டீலே கிடைக்காதுன்னு ஆளாளுக்கு கத்தியா வாங்கி அடுக்கினாங்க, அந்தக் கதை தனியா எழுதணும்.

எஸ்30வி நல்ல ஸ்டீல்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அட்டைப்பெட்டி, கயிறு எல்லாம் 420எச்சியை விட ரொம்ப நேரம் வெட்டும். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு சீசன்ல நீங்க எத்தனை மான் அடிக்கப் போறீங்க? ஒண்ணு, அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு. நல்லா தீட்டின 420எச்சி பிளேடு ஒரு மானை வயித்தைக் கீறி, குடல் எடுத்து, தோல் உரிச்சு முடிக்கிற வரைக்கும் தாங்கும். நடுவுல லேசா இழுக்குதுன்னு தோணினா பையில இருக்கிற சின்ன செராமிக் குச்சில ஒரு பக்கத்துக்கு அஞ்சாறு தடவை இழுத்தா பழையபடி ரெடி. எஸ்30வில அது நடக்காது. வனேடியம் கார்பைடு இருக்கே, அது சாதா சாணைக்கல்லுல இருக்கிற அலுமினியம் ஆக்சைடை விட கடினம், கல்லுதான் தேயும். டைமண்ட் கல் வேணும், பொறுமை வேணும், வீட்டுல உக்காந்து பண்ற வேலை அது. தீட்டத் தெரிஞ்சு, டைமண்ட் கல்லும் வச்சிருக்கிறவனுக்கு எஸ்30வி லாபம். தீட்டவே தெரியாதவன் "ரொம்ப நாள் மழுங்காதாமே"ன்னு நம்பி இதை வாங்குவான் பாருங்க, ரெண்டு வருஷம் கழிச்சு மழுங்கின எஸ்30வி கத்தியை வச்சுட்டு முழிப்பான்.

இன்னொண்ணு, மழுங்குறதுக்கு பாதிக் காரணம் வெட்டுற முறை. மான் முடிக்குள்ள மண்ணும் மணலும் அப்பி இருக்கும், வெளியில இருந்து முடியோட சேர்த்து அறுத்தா எந்த ஸ்டீலும் பல்லைக் காட்டிடும். ஒரு சின்ன ஓட்டை போட்டு, பிளேடை உள்ள விட்டு, கூர் பக்கம் வெளியப் பாத்த மாதிரி வச்சு தோலை உள்ள இருந்து வெளிய அறுத்தா முடி தானா பிரிஞ்சு வழி விடும். அப்புறம் கூரோட கோணம். ஒரு பக்கம் 15 டிகிரி சுத்தி தீட்டின 420எச்சி, 25 டிகிரில தடியா தீட்டின விலையுயர்ந்த ஸ்டீலை விட தோல் மேல சுகமா போகும். மேக்னாகட்டை உருவாக்கினாரே லாரின் தாமஸ், அவரோட சோதனைகளைப் படிச்சவங்களுக்குத் தெரியும், கோணத்தைக் குறைச்சா வெட்டுற திறன் எவ்வளவு ஏறுதுன்னு. மேக்னாகட் 2021ல வந்தது, துருவும் பிடிக்காது, சீக்கிரம் உடையவும் உடையாது, எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் அது, ஆனா விலையைக் கேட்டா மானை கடையிலயே கறியா வாங்கிடலாம்னு தோணும்.

டி2 பத்தி நிறைய பேர் கேக்குறீங்க, ஏன்னா இப்போ கம்மி விலை சீனக் கத்தில எல்லாம் டி2தான். அது அடிப்படையில டை செய்யுற டூல் ஸ்டீல், குரோமியம் 12 பக்கம் இருக்கு, ஸ்டெயின்லெஸ் மாதிரிதானேன்னு கடைக்காரன் சொல்வான். அந்த குரோமியத்துல பெரும்பங்கு கார்பைடுக்குள்ள போய் மாட்டிக்கிச்சு, துருவைத் தடுக்க வெளிய மிச்சம் இருக்கிறது கம்மி. ரத்தத்துல உப்பு இருக்கு. பேர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியோட டி2 மடக்கு கத்தியை சும்மா துணியால துடைச்சுட்டு ராத்திரி வச்சிட்டு காலைல பாத்தா நகம் வச்சு திறக்கிற பள்ளத்துல, பிளேடு திரும்புற அச்சு இருக்கே பிவட், அது பக்கத்துல எல்லாம் பழுப்புப் புள்ளி. கூர் என்னமோ நல்லாத்தான் நிக்குது, எலும்புல பட்டா பொடிப்பொடியா பேரும், அவ்வளவுதான். வீட்டுல அட்டைப்பெட்டி பிரிக்க வச்சுக்கங்க.

கார்பன் ஸ்டீல், அதாவது குரோமியம் பெருசா இல்லாத, துருப் பிடிக்கிற ஸ்டீல் மேல ஆசை இருக்கிறவங்க பிரெஞ்சு ஒபினெல் வாங்கிப் பாருங்க, எட்டாம் நம்பர். 1890ல சவாய் மலை ஊர்ல ஆரம்பிச்சது, பீச் மரக் கைப்பிடி, சுத்துற வளையப் பூட்டு, விலை ரொம்பக் கம்மி, கூர்னா அப்படி ஒரு கூர். ஆனா மரம் தண்ணி குடிச்சா ஊதிடும், பிளேடு உள்ள இறுகி வெளியவே வராது, அந்த ஊர்க்காரங்க கைப்பிடி நுனியை டேபிள்ல ஓங்கித் தட்டி பிளேடை எட்டிப் பாக்க வைப்பாங்க. ஆப்பிள் நறுக்க அருமை. மானுக்கு வேண்டாம்.

இனிதான் முக்கியமான சமாச்சாரம், கைப்பிடி.

மானை சுத்தம் பண்ணும்போது ஒரு கட்டம் வரும். வயிறு திறந்தாச்சு, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற சவ்வை அறுத்தாச்சு, இப்போ கையை முழங்கை வரைக்கும் நெஞ்சுக்கூட்டுக்குள்ள விட்டு மேல மூச்சுக்குழாயை அறுக்கணும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இடது கை மூச்சுக்குழாயைப் பிடிச்சிருக்கு, வலது கை கத்தியோட அதுக்கு ரெண்டு விரல் மேல போகுது. வெளிய குளிர் மைனஸ்ல, உள்ள கொதிக்கிற சூடு, விரல் மரத்துப் போனது பாதி உணர்வோட இருக்கு, கை முழுக்க ரத்தமும் கொழுப்பும். மான் கொழுப்பு ஒரு மாதிரி, சூடா இருக்கும்போது எண்ணெய், காத்து பட்டதும் மெழுகு மாதிரி கைப்பிடி மேல படிஞ்சிடும். அந்த நேரத்துல கத்தி கையில கால் இன்ச் திரும்பினா அறுபடுறது நம்ம இடது கை. ஸ்டீல் 58ஆ 61ஆன்னு அப்போ ஒருத்தனும் யோசிக்க மாட்டான்.

அந்த நேரத்துக்கு கிளாசிக் 110 எப்படி? பாக்க அவ்வளவு அழகு, கருங்காலி மரம், கருப்புல பழுப்புக் கோடு ஓடும், ரெண்டு பக்கமும் தங்கம் மாதிரி பித்தளை. ஊர்ல கருங்காலி மாலைக்கு சனங்க எப்படி அலையுறாங்க, இங்க நான் கைப்பிடியாவே வச்சிருக்கேன்னு அம்மாகிட்ட சொன்னேன், "கருங்காலியை வச்சா ரத்தத்தைத் தொடுற, உனக்கு ஏன்டா புத்தி இப்படிப் போகுது"ன்னு ஒரே திட்டு. விஷயம் என்னன்னா அந்த மரமும் பித்தளையும் வழவழன்னு பாலிஷ் பண்ணினது, பிடிப்புக்கு சொரசொரப்புன்னு எதுவும் கிடையாது. கைப்பிடி வளைவும் எடையும்தான் காப்பாத்துது. அதுக்கே இத்தனை வருஷமா ஆளுங்க சமாளிச்சிருக்காங்க, ஏன்னா வளைவு நிஜமாவே நல்ல வளைவு, உள்ளங்கைக்குள்ள பாந்தமா உக்காரும். ஆனா குளிர்ல அந்த பித்தளையைத் தொட்டா விரல் நுனி விண்ணுன்னு தெறிக்கும், வேலை முடிஞ்சு கையை எவ்வளவு கழுவினாலும் ஒரு பித்தளை வாடை வேற. விரல் பதியுற மாதிரி பள்ளம் வெட்டின வெர்ஷனும் விக்கிறாங்க, அது ஒரே பிடிக்கு மட்டும்தான் சரி, தோல் உரிக்கும்போது பிடியை மாத்தி மாத்தி வைக்கணும், பிளேடு முதுகுல ஆள்காட்டி விரலை வச்சு இழுக்கணும், அப்போ அந்தப் பள்ளமெல்லாம் இடைஞ்சல்.

நைலான் கைப்பிடி, 110 எல்டின்னு வர்றது, இதைக் கையில எடுத்தா முதல்ல சிரிப்பு வரும், பொம்மைக் கத்தி மாதிரி லேசா இருக்கும், கிளாசிக்கோட பாதி எடைதான். பிளேடு அதே 420எச்சி, அதே வடிவம், விலை பாதி. கண்ணாடி இழை கலந்த நைலான், தண்ணில ஊறி ஊதாது, குளிர்ல கையைச் சுடாது, கொதிக்கிற தண்ணில கழுவலாம், மரம் மாதிரி வெடிக்காது. அழகு கிடையாது, தாத்தா பேரனுக்குக் குடுக்கிற சாமானும் கிடையாது. ஆனா முதல் தடவை வேட்டைக்குப் போறவன் என்கிட்ட கேட்டா நான் இதைத்தான் கை காட்டுவேன், ஆபீஸ்ல ரெண்டு பேரு என் பேச்சைக் கேட்டு வாங்கி இன்னும் வச்சிருக்காங்க.

எனக்குப் பிடிச்சது மைக்கார்ட்டா. துணியை அடுக்கடுக்கா வச்சு ஃபீனாலிக் ரெசின்ல ஊற வச்சு அழுத்திச் சுட்டு எடுக்கிறது, வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 1910 வாக்குல மின்சார சாமானுக்கு இன்சுலேஷனா கண்டுபிடிச்சது, கத்திக்காரங்க பின்னாடி பிடிச்சுக்கிட்டாங்க. பாலிஷ் போடாத கேன்வாஸ் மைக்கார்ட்டாவை நனைச்சுப் பிடிச்சுப் பாருங்க, வழுக்குறதுக்குப் பதில் ஒட்டும். துணியோட இழை மேல லேசா நிக்கிறதால வர்ற குணம் அது. ரத்தம் பட்டா கருத்துப் போகும், பழசாக பழசாக நிறம் மாறும், சிலருக்கு அது அழுக்கு, எனக்கு அது அழகு. பளபளன்னு பாலிஷ் போட்ட மைக்கார்ட்டா வாங்கினா இந்த குணம் எல்லாம் போச்சு, அது கண்ணாடி மாதிரிதான், அதனால ஆன்லைன்ல படத்தை பெருசு பண்ணிப் பாத்து மங்கலா இருக்கிறதா எடுங்க.

ஜி10, கண்ணாடி இழையும் எபாக்ஸியும், இன்னும் கடினம், எதுவும் ஊடுருவாது, செதுக்கின மாதிரி சொரசொரப்பு போட்டு விக்கிறாங்க, பிடிப்புல குறையே சொல்ல முடியாது. ஆனா ரொம்ப சொரசொரப்பா இருந்தா கொழுப்பு அந்தக் கோட்டுக்குள்ள எல்லாம் புகுந்துக்கும், பழைய டூத்பிரஷ் வச்சு தேய்க்கணும், பேன்ட் பாக்கெட்டையும் அரம் மாதிரி ராவி எடுத்துடும். நடுத்தர சொரசொரப்புதான் சரி.

மான் கொம்பு கைப்பிடி ஒரு தனிக் கதை. உலகத்துலயே கத்திக்கு உசத்தின்னு இவங்க சொல்றது நம்ம கடமான் கொம்பு, உள்ள கெட்டியா இருக்கும், மேல மரப்பட்டை மாதிரி வரி ஓடும். இங்கிலாந்துல ஷெஃபீல்டுகாரங்க காலம் காலமா இந்தியால இருந்துதான் எடுத்தாங்க. இப்போ இந்தியால இருந்து ஏற்றுமதிக்குத் தடை, அதனால பழைய ஸ்டாக்குக்கு இங்க யானை விலை. கையில பிடிப்பும் நல்லாத்தான் இருக்கும், இயற்கையான சொரசொரப்பாச்சே. ஆனா அந்த விலைக்கு வாங்கினவன் அதை ரத்தத்துல முக்க மாட்டான், ஷோகேஸ்ல வச்சுப் பாப்பான். ஒரு எச்சரிக்கை, ஊருக்குப் போகும்போது இந்த மாதிரி கத்தியை பெட்டில போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க வனவிலங்குச் சட்டத்துல வீண் வம்பு.

கழுவுறதைப் பத்தி ரிவியூ எழுதுற யாரும் பேசுறது இல்ல, மடக்கு கத்திக்கு அதுதான் பெரிய தலைவலி. நேர் கத்தின்னா ஒரு துடைப்புல முடிஞ்சிடும். இங்க பிவட், பூட்டு, பிளேடு உக்கார்ற இடுக்குன்னு ரத்தமும் கொழுப்பும் போய்ச் சேருற இடம் ஏகப்பட்டது. பூட்டு விழுற பள்ளத்துல கொழுப்பு காஞ்சு கிடந்தா பூட்டு முழுசா உக்காராது, அது கைக்கு ஆபத்து. சுடுதண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு, பழைய டூத்பிரஷ், அப்புறம் காய வச்சு பிவட்ல ஒரு சொட்டு மினரல் ஆயில், மருந்துக்கடையில கிடைக்கிறதே போதும், கறி தொடுற கத்திக்கு மெஷின் ஆயில் வேண்டாம். கருங்காலியை சுடுதண்ணில ஊறப் போட முடியாது, நைலான், மைக்கார்ட்டா, ஜி10 மூணும் கவலையில்ல.

மிச்சிகன்காரங்களுக்கு கூடுதலா ஒண்ணு இருக்கு. மானுக்கு வர்ற மூளை நோய், கிரானிக் வேஸ்டிங் டிசீஸ், காட்டு மான்ல இங்க 2015ல கண்டுபிடிச்சாங்க. அது கிருமி இல்ல, கோளாறான புரதம், சோப்புக்கும் சாதா சுடுதண்ணிக்கும் மசியாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2019ல வெளியிட்ட ஆய்வுல, 40 சதவீத வீட்டு பிளீச் கரைசல்ல, அதாவது ரெண்டு பங்கு பிளீச்சுக்கு மூணு பங்கு தண்ணில, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அஞ்சு நிமிஷம் ஊற வச்சா அது செயலிழக்குதுன்னு காட்டினாங்க. ஒட்டியிருக்கிற சதையை முதல்ல சுத்தமா எடுத்துடணும், சதைக்குள்ள பிளீச் போகாது. இப்போ யோசிங்க, பிளீச்சுல உங்க பித்தளையும் கருங்காலியும் என்ன ஆகும்? பித்தளை கருத்து அசிங்கமாயிடும், மரம் வெளுத்துப் போகும். டி2, கார்பன் ஸ்டீல் கத்தியை அதுல போட்டா கண்ணு முன்னாடியே துரு. ஸ்டெயின்லெஸ்ஸையே அஞ்சு நிமிஷத்துக்கு மேல விட்டா குழி விழும், எடுத்ததும் நல்ல தண்ணில அலசணும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஏரியால வேட்டைக்குப் போறவங்களுக்கு 420எச்சியும் நைலான் இல்ல மைக்கார்ட்டா கைப்பிடியும்தான்னு அடிச்சுச் சொல்வேன்.

பிளேடு வடிவத்துல ஒரு குறை சொல்லியே ஆகணும். 110ஓட முனை ரொம்ப ஊசி, தோலைத் துளைக்க சுகம், ஆனா வயித்தைத் திறக்கும்போது அதே ஊசி குடல்ல இறங்கிட்டா கறி நாறிப் போகும். ரெண்டு விரலை பிளேடுக்கு ரெண்டு பக்கமும் கொடுத்து முனையைத் தூக்கிப் பிடிச்சுட்டே போகணும். முனை இறங்கி வர்ற டிராப் பாயின்ட் வடிவம் இதுக்கு மேல், பாப் லவ்லெஸ்ங்கிற கத்தி செய்றவர் பிரபலமாக்கின வடிவம், ஸ்லிம் மாடல்கள்ல அது கிடைக்குது, கட்டை விரலால திறக்கிற பொத்தானும் இருக்கு.

சில பேர் கேக்குறீங்க, பிளேடை மாத்திக்கிற ஹேவலான் மாதிரி கத்தி எடுத்தா தீட்டுற தொல்லையே இல்லையேன்னு. தோல் உரிக்க அதை அடிச்சுக்க ஆளே இல்ல, சர்ஜரி பிளேடுதான் அது. ஆனா மூட்டுல விட்டு நெம்பினா ஒடியும், ஒடிஞ்ச துண்டு கறிக்குள்ள எங்க போச்சுன்னு தேடணும், கழட்டி மாட்டும்போது கையும் பத்திரம். கூட ஒண்ணு வச்சுக்கங்க, அதை மட்டும் நம்பி காட்டுக்குள்ள போகாதீங்க.

விலை நான் பாத்தப்போ எல்டி 30, 35 டாலர், கிளாசிக் 60, 70, எஸ்30வியும் மைக்கார்ட்டாவும் சேர்ந்த ஸ்லிம் ப்ரோ நூறைச் சுத்தி, கடைக்குக் கடை மாறும். எனக்கு வேணும்கிறது 420எச்சி பிளேடும் மங்கலான கேன்வாஸ் மைக்கார்ட்டா கைப்பிடியும் ஒண்ணா சேர்ந்தது, அதை சாதாரணமா கடையில வைக்க மாட்டேங்கிறாங்க, மைக்கார்ட்டா வேணும்னா எஸ்30விக்கும் சேர்த்துக் காசு குடுக்க வேண்டியிருக்கு, கைப்பிடியை மட்டும் தனியா வாங்கி மாத்தலாம்னா கிளாசிக்ல எல்லாம் ஆணி அடிச்சு அறைஞ்சிருக்கு. அதனால இப்போதைக்கு காட்டுக்கு எல்டி, ஆளுங்ககிட்ட காட்டுறதுக்கு கிளாசிக். எது வாங்கினாலும் கடையிலயே திறந்து பிளேடை இடது வலது ஆட்டிப் பாருங்க, மூடும்போது பிளேடு ஒரு பக்கமா உரசுதான்னு வெளிச்சத்துல பாருங்க, பூட்டு முழுசா விழுற சத்தம் கேக்குதான்னு கவனிங்க. வீட்டுக்கு வந்ததும் தோல் உறைக்குள்ளயே போட்டு வருஷம் பூரா வைக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், பித்தளை ஓரத்துல பச்சை பூக்கும், கத்தி தனியா உறை தனியா அலமாரில வைங்க.